அல்லாமா இப்னுன் நஃபீஸ் (ரஹ்): நோயாளிகளுக்கு வீட்டை எழுதி வைத்த ஆலிம்

அல்லாஹு தஆலா நமக்கு அருளியுள்ள நிஃமத்துகளில் நாம் எண்ணிப் பார்க்காமலேயே அனுபவித்து வருவது மூச்சு. நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை அது உள்ளே போய் வெளியே வருகிறது. உறங்கும்போதும் நிற்பதில்லை. அதற்காக நாம் ஷுக்ரு செய்வதும் அபூர்வம். வீட்டில் ஒருவருக்கு ஈளை நோய் கண்டு, நடு இரவில் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து, ஒரு மூச்சுக்காக அவர் படும் பாட்டைப் பார்க்கும்போதுதான் அது எத்தகைய செல்வம் என்பது நமக்கு உறைக்கிறது.

நோய் விசாரிக்கவும் ஜனாஸாவுக்கும் பல வீடுகளுக்குச் சென்று வரும் எம் போன்றவர்களுக்கு ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் படுகிறது. இருமலும் இழுப்புமாகக் கிடப்பவருக்கு ஓதிப் பார்த்து ஊதிய தண்ணீர் இருந்தால் போதும், வைத்தியரிடம் ஓடுவது தவக்குலுக்கு மாற்றம் என்று எண்ணுவோர் ஒரு சாரார். நோயும் மருந்தும் டாக்டர்களின் சமாச்சாரம், ஆலிம்களுக்கும் தீனுக்கும் அதில் என்ன வேலை என்று கேட்போர் மற்றொரு சாரார். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை; அது ஆகுமான அமலே. ஆனால் மருந்து செய்யும்படியும், அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய ஷிபா இல்லாமல் இறக்கவில்லை என்றும் நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்களே அல்லவா? இவ்விரு சாராருக்கும் ஒரு பெரியாரின் ஹயாத்தே பதிலாக அமைந்திருக்கிறது. அவர்கள்தாம் அல்லாமா அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ அல்குறஷீ (ரஹ்). உலகம் அவர்களை இப்னுன் நஃபீஸ் என்று அறிகிறது.

திமிஷ்கு நகரில்

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கி.பி. 1210-ஐ ஒட்டிய ஆண்டுகளில், திமிஷ்கு பகுதியில் அவர்கள் பிறந்தார்கள். சிலுவைப் போர்கள் ஓயாத காலம் அது. அவர்களின் நடுவயதில், 1258-ல், பக்தாது தாத்தாரியர்களின் கையில் வீழ்ந்து கிலாஃபத்தே சிதறியது. இப்படிப்பட்ட குழப்பத்தின் நடுவிலும் திமிஷ்கு நகரில் இல்மின் விளக்கு அணையவில்லை. ஒரு தெருவில் பிக்ஹு மதரஸா, மறு தெருவில் ஹதீஸ் மதரஸா, அவற்றுக்கு அருகே சுல்தான் நூருத்தீன் ஜங்கி (ரஹ்) அவர்கள் 1154-ல் கட்டிய நூரீ வைத்தியசாலை என்று ஊர் நிறைந்திருந்தது.

இளைஞர் இப்னுன் நஃபீஸ் இரண்டு வாசல்களிலும் நுழைந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களையும் ஹதீஸையும் அரபு இலக்கணத்தையும் ஓதினார்கள். வைத்தியக் கல்வியை முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்ற மாபெரும் ஆசிரியரிடம் பெற்றார்கள். அக்காலத்தில் வைத்தியம் கிதாபில் மட்டும் ஓதப்படவில்லை. ஆசிரியர் நோயாளிகளின் படுக்கைதோறும் சென்று நாடி பார்ப்பார், சிறுநீரைச் சோதிப்பார், உணவும் மருந்தும் இன்னின்னது என்று எழுதுவார். மாணவர்கள் உடன் சென்று கவனிப்பார்கள்.

அந்த ஆசிரியர் தக்வாரிடமிருந்து மருந்து முறைகளோடு வேறொன்றையும் மாணவர் கற்றுக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தக்வார் 1230-ல் மரணித்தார். அதற்கு முன்பே தாம் வாழ்ந்த வீட்டை வைத்தியக் கல்விக்கான மதரஸாவாக வக்பு செய்து, அதன் செலவுக்குச் சொத்துகளையும் எழுதி வைத்துவிட்டார். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். இறுதியில் இதற்கே திரும்பி வருவோம்.

பிக்ஹும் வைத்தியமும்

பின்னர் இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் கெய்ரோ சென்று அங்கேயே நிலைத்துவிட்டார்கள். எகிப்து நாட்டு வைத்தியர்களின் தலைவர் என்ற பதவி அவர்களைத் தேடி வந்தது. அதே காலத்தில் கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ பிக்ஹு பாடம் நடத்தியவர்களும் அவர்களே. இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) அவர்களின் தன்பீஹ் என்ற சட்ட நூலுக்கு விரிவுரை எழுதத் தொடங்கினார்கள். ஷாஃபிஈ ஆலிம்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள், தமது தபகாத் என்னும் பெருநூலில் இவர்களையும் ஒருவராகச் சேர்த்திருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் மின்ஹாஜ் ஓதுகிறோமே, அதன் ஆசிரியர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் இவர்களும் ஒரே காலத்தவர்கள், ஒரே மத்ஹபினர்.

காலையில் தொழுகையின் சட்டம் சொல்லிக் கொடுத்த அதே நாவு, நோயாளியிடம் எத்தனை நாளாக இருமல் என்றும் விசாரித்தது. இரண்டையும் இரண்டு உலகங்களாக அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

எழுதுவதில் அவர்களின் வேகம் வியப்பூட்டுவது. தீட்டிய பேனாக்களை முன்கூட்டியே அருகில் வைத்துக்கொள்வார்களாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வேறு கிதாபு எதையும் புரட்டாமல், நினைவிலிருந்தே வெள்ளம்போல் எழுதுவார்களாம். ஒரு சமயம் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வெளியே வந்து மையும் காகிதமும் கேட்டு வாங்கி, நாடியைப் பற்றிய ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத் திரும்பவும் போய்க் குளியலை நிறைவு செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அஷ்ஷாமில் என்ற மருத்துவக் களஞ்சியத்தை 300 பாகங்களில் எழுதத் திட்டமிட்டு, அதில் 80 பாகங்களைச் சுத்தப் பிரதியாக்கினார்கள்.

நுரையீரலின் இரகசியம்

அவர்களின் பெயரை உலகம் இன்றும் சொல்வதற்குக் காரணம் நுரையீரலைப் பற்றி அவர்கள் கண்ட உண்மைதான். கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸ் ஒரு கருத்தைச் சொல்லிச் சென்றிருந்தார். இருதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்பது அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதை எவரும் அசைக்கவில்லை. ஷைகு இப்னு ஸீனாவின் கானூனும் அதே வழியைத்தான் பின்பற்றியது.

அந்தக் கானூனின் உடற்கூறுப் பகுதிக்கு விரிவுரை எழுதும்போது இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் இதை மறுத்தார்கள். அந்தச் சுவர் கெட்டியானது. வெளிப்படையான துவாரமும் இல்லை, மறைவான துவாரமும் இல்லை. வலது அறையின் இரத்தம் பெரிய குழாய் ஒன்றின் வழியே நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே காற்றோடு கலக்கிறது. பிறகு வேறொரு குழாய் வழியே இடது அறையை அடைகிறது என்று தெளிவாக எழுதினார்கள். அந்த நூலின் பிரதி ஒன்று 1242-ஆம் ஆண்டுத் தேதியுடன் கிடைத்துள்ளது. அப்போது அவர்களுக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்!

அவர்கள் சொன்னது அத்தனையும் இன்றைய விஞ்ஞானத்துக்கு ஒத்தது என்று நாம் மிகைப்படுத்தக் கூடாது. இரத்தமும் காற்றும் கலந்து உயிராவி உண்டாகிறது என்ற அக்காலக் கொள்கையை அவர்களும் ஏற்றே எழுதினார்கள். ஆனால் இரத்தம் செல்லும் பாதையைச் சரியாகச் சொன்னார்கள். மேலைநாட்டில் செர்வெட்டஸ் இதை அச்சில் வெளியிட்டது 1553-ல். ஹார்வி உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை நிரூபித்தது 1628-ல். 1924-ல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய டாக்டர் முஹ்யித்தீன் தத்தாவீ, பெர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்து ஆராய்ந்த பிறகே இந்த உண்மை உலகுக்குப் பரவலாகத் தெரிய வந்தது. நம் முன்னோரின் செல்வம் அந்நிய நாட்டு அலமாரியில் தூசி படிந்து கிடந்தது என்பது நாம் பெருமைப்படவும் வெட்கப்படவும் வேண்டிய விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக உடலின் விஷயத்தில் தவறான ஒன்றை ஏற்க வேண்டியதில்லை என்று அந்தப் பிக்ஹு ஆலிம் கருதினார்கள். முன்னோரிடம் மரியாதை வேறு, உண்மையைத் தேடுவது வேறு. மார்க்கத்தின் அதபு இரண்டுக்கும் இடம் தருகிறது.

முதலில் உணவு, பிறகு மருந்து

இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் மருந்தை அள்ளி வழங்கும் வைத்தியர் அல்லர். உணவை மாற்றினால் குணமாகும் என்றால் மருந்து எழுத மாட்டார்கள். ஒற்றை மூலிகை போதும் என்றால் கூட்டு மருந்தின் பக்கம் போக மாட்டார்கள். இதனால் ஒரு வேடிக்கையும் நடந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் ஒரு மருந்துக் கடையில் அமர்ந்து நோயாளிகளைப் பார்த்தபோது, வருபவர்க்கெல்லாம் இன்ன ஆகாரம் சாப்பிடு என்றே எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் பொறுக்க மாட்டாமல், இப்படி எழுதுவதானால் இறைச்சிக் கடையில் போய் உட்காரலாமே, என் கடையில் இருந்தால் சர்பத்தும் மருந்தும் அல்லவா எழுத வேண்டும் என்று குறைப்பட்டாராம்!

அவர்கள் எழுதிய மூஜஸ் என்ற சுருக்க நூல் 1828-ல் கல்கத்தாவில் அச்சேறியது. இந்தியாவின் யூனானி ஹகீம்கள் அதையும் அதன் விரிவுரைகளையும் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக ஓதி வந்தார்கள். தலை முதல் பாதம் வரையிலான நோய்களை வரிசைப்படுத்தும் அந்நூலில், மார்பு நோய்களும் இடம் பெறுகின்றன. மூக்கில் ஒழுகும் ஜலதோஷம், தொண்டைக்கும் மார்புக்கும் இறங்கும் நஸ்லா, இருமல், ரப்வு எனும் ஈளை, நுரையீரல் வீக்கம், விலாப்புற வீக்கம், சயரோகம் என்று அக்கால வைத்தியர்கள் அவற்றைத் தனித்தனியே பிரித்து அறிந்திருந்தார்கள். பார்லி நீர், தேன் நீர், அத்திப்பழம், அதிமதுரம், இலந்தை வகையான உன்னாபு, பனஃப்ஷா பூ, ஜூஃபா மூலிகை ஆகியவை அவர்கள் கையாண்ட எளிய பொருள்கள். யூனானி ஜோஷாந்தா கஷாயத்தில் இவற்றில் பல இன்றும் சேருகின்றன.

இவற்றில் எது இன்றைக்கும் செல்லும்? சாதாரண ஜலதோஷத்துக்கு ஓய்வும், வெதுவெதுப்பான பானமும், இலகுவான ஆகாரமுமே இன்றும் வைத்தியம். அது கிருமிகளிலேயே மிக நுண்ணிய வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அது கட்டுப்படாது. தேன் இருமலைத் தணிக்கும். அதில் ஷிபா இருப்பதாகக் குர்ஆன் ஷரீஃபும் கூறுகிறது. ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் விஷத்தை உண்டாக்கலாம் என்று டாக்டர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஷிபாவை உரிய இடத்தில் வைப்பதும் மார்க்கம்தான்.

ஆனால் நிமோனியா, ஈளை, சயரோகம் ஆகியவற்றுக்குக் கஷாயத்தை நம்பிக் காலம் கடத்துவது ஆபத்து. நிமோனியாவுக்கு அக்காலத்தில் இல்லாத மருந்துகளை அல்லாஹ் இன்று வெளியாக்கித் தந்திருக்கிறான். ஈளைக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து இருக்கிறது. சயரோகம், பெரும்பாலோருக்கு, ஆறு மாதம் விடாமல் மருந்து உட்கொண்டால் முற்றிலும் குணமாகிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் தட்டிப் போகும் என்று அஞ்சி இருமலை மூடி மறைக்கும் வீடுகளை யாம் அறிவோம். அந்த மறைப்பு பெண்ணையும் கெடுக்கும், வீட்டிலுள்ள குழந்தைகளையும் கெடுக்கும்.

மன்சூரீ வைத்தியசாலை

மருந்து பாதி என்றால் பணிவிடை மீதிப் பாதி. இதற்கும் அந்தக் காலத்துக் கெய்ரோவே சாட்சி. சுல்தான் மன்சூர் கலாவூன், அமீராக இருந்தபோது திமிஷ்கில் கடுமையான வயிற்று நோய்க்கு ஆளாகி, நூரீ வைத்தியசாலையின் மருந்தால் குணமடைந்தார். தமக்கு ஆட்சி கிடைத்தால் அதுபோல் ஒன்றைக் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். அந்த நேர்ச்சையே 1284-85-ல் மன்சூரீ வைத்தியசாலையாக எழுந்தது. அப்போது இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் எழுபதைத் தாண்டிய முதியவர்.

அதன் வக்பு சாசனத்தின் விவரங்கள் நெஞ்சை உருக்குபவை. ஏழை, பணக்காரர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற பேதமின்றி எவரும் அங்கே சேரலாம். ஜுரக்காரர்களுக்கு, கண்நோயாளிகளுக்கு, ரண சிகிச்சைக்கு என்று தனித்தனிப் பகுதிகள். பெண்களுக்குத் தனி இடமும் பெண் ஊழியர்களும். மெத்தையும் போர்வையும் தலையணையும் வக்பிலிருந்தே. ஒருவர் உணவில் மற்றவர் கை படாமல் அவரவர்க்குத் தனிக் கிண்ணம், அதை மூடி எடுத்துச் செல்ல மூடி. கோடைப் புழுக்கத்தில் நோயாளிகளுக்கு வீசுவதற்கென்று ஓலை விசிறிகள்! ஒரு சுல்தானின் சாசனத்தில் ஓலை விசிறிக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூச்சுக்குத் திணறும் ஒருவருக்கு அந்த விசிறியின் மதிப்பு தெரியும். வைத்தியசாலைக்கு வர இயலாத ஏழை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மருந்தும் ஆகாரமும் போயின. மௌத்தானவர்களின் கஃபன், அடக்கச் செலவும் வக்பைச் சார்ந்ததே.

நம் வீட்டு நோயாளியிடம் இந்த நெறியில் எவ்வளவு கடைப்பிடிக்கிறோம்? மூச்சுத் திணறுபவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை அணைத்துச் சாய்த்து உட்கார வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த அறையில் சாம்பிராணிப் புகையும் ஊதுவத்தியும் அடுப்புப் புகையும் பீடிப் புகையும் வேண்டாம். பரக்கத்துக்காகப் போடும் புகை ஈளைக்காரருக்கு முசீபத்தாகிவிடும். சிறிது சிறிதாகத் தண்ணீரும் கஞ்சியும் கொடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தில் குழந்தையை ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு.

குழந்தையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். அது அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலோ, நெஞ்சுக்கூடு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். யாருக்காயினும் உதடு நீலம் பாரித்தால், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது.

நோய் விசாரிப்பது பெரிய ஸுன்னத்து. ஆனால் ஒரே அறையில் பத்துப் பேர் கூடி ஒரு மணி நேரம் உட்காருவது ஸுன்னத்தாகாது. சுருக்கமாக துஆ செய்துவிட்டு எழுந்துவிட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ துணியாலோ திருமுகத்தை மூடிக்கொள்வார்கள். இருமுபவரும் இதைப் பின்பற்றினால் எத்தனையோ பேர் நோயிலிருந்து தப்புவார்கள்.

இபாதத்தில் நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகைகளையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம். சுபுஹு நேரத்துக் குளிர்ந்த நீர் இழுப்பைக் கிளப்பினால் நீரைச் சூடாக்கிக் கொடுங்கள். எப்படியும் நீர் தீங்கு செய்யும் என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் தயம்மும் இருக்கிறது. ரமலானில் நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். உள்ளிழுக்கும் மருந்தால் நோன்பு முறியுமா என்பதில் இக்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தம் மத்ஹபு ஆலிமைக் கேட்டு நடந்துகொள்ளட்டும். ஆனால் நோன்பைக் காரணம் காட்டி, மூச்சு முட்டும்போதும் மருந்தைத் தொடாமல் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வது ஆகாது.

இரவெல்லாம் விழித்துப் பணிவிடை செய்யும் தாய்மாரும் மருமக்களும் தங்கள் நஃபில்கள் தவறிவிட்டதாக மனம் வருந்துவதுண்டு. அவர்கள் வருந்த வேண்டாம். நோயாளியைச் சென்று கண்டவன் அவரிடத்தில் தன்னையே கண்டிருப்பான் என்ற கருத்தில் அல்லாஹ் மறுமையில் பேசுவதை ஹதீஸ் நமக்கு அறிவிக்கிறது. விசாரிக்கச் சென்றவருக்கே இந்தப் பதவி என்றால், விடிய விடிய முதுகைத் தடவிக் கொடுத்தவருக்கு எவ்வளவு!

இறுதி நாட்கள்

ஹிஜ்ரி 687, துல்கஃதா மாதம், கி.பி. 1288 டிசம்பர். ஏறக்குறைய எண்பது வயதில் இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் நோயுற்றுப் படுத்தார்கள். உடனிருந்த வைத்தியர்கள் மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி யோசனை கூறினர். அவர்கள் மறுத்துவிட்டார்கள். வயிற்றில் மதுவுடன் தம் இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. ஆயுள் முழுவதும் மருந்து கொடுத்து வாழ்ந்த அந்தப் பெரியார், மருந்தைவிட மேலான ஒன்று உண்டு என்பதைக் கடைசி மூச்சில் காட்டினார்கள். சில நாட்களில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கெய்ரோவில் சலவைக்கல் பதித்த அழகிய வீடு ஒன்று அவர்களுக்கு இருந்தது. அந்த வீட்டையும், ஆயுள் முழுவதும் சேர்த்த கிதாபுகளையும், தம் கைப்பட எழுதிய அஷ்ஷாமில் பாகங்களையும் மன்சூரீ வைத்தியசாலைக்கு வக்பாக விட்டுச் சென்றார்கள். ஆசிரியர் தக்வார் திமிஷ்கில் செய்ததை, மாணவர் கெய்ரோவில் செய்தார்.

மனிதன் மௌத்தானதும் அவனுடைய அமல் முடிந்துவிடுகிறது. ஸதகத்துல் ஜாரியா, பயன்படும் இல்மு, துஆ செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றின் நன்மை மட்டும் தொடர்கிறது என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. பிள்ளை இல்லாத அந்தப் பெரியார் மற்ற இரண்டையும் நிறைவாகத் தேடிக்கொண்டார்கள்.

சகோதரர்களே! பள்ளிக்கு மினாரா கட்டக் கொடுக்கிறோம்; அல்ஹம்துலில்லாஹ். நம் மஹல்லாவில் மூச்சுக்குத் திணறும் ஓர் ஏழைக்கு ஒரு மாத மருந்துக்கும் கொடுப்போம். ஜமாஅத்தில் பொதுவாக ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரோ, சாய்த்து உயர்த்தும் கட்டிலோ வாங்கி வைத்தால் எத்தனை வீடுகளுக்கு உதவும்! அதுவும் இல்லாதவர் ஓர் இரவு நோயாளியின் அருகில் அமர்ந்து விசிறட்டும். ஓலை விசிறியும் வக்பில் இடம் பெற்ற சமுதாயம் நம்முடையது.

அல்லாஹு தஆலா அல்லாமா இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. நம்மில் நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.